யாருக்கும் தெரியாத நாற்பது நாள்

என் அத்தான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஊருக்குப் போகிற தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கொரு தடவை பார்த்து எழுதுவது அவர் வேலை. விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடிப்பார். ஐந்து சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளை நிற அட்டையோடு ஒப்பிட்டு, எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். அங்கே பாதிப் பேர் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டார்கள். போன மணிக்கு எழுதிய எண்ணையே இந்த மணிக்கும் எழுதிவிட்டுச் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அத்தான் அந்தக் கூட்டத்தில் சேராதவர். "பாக்காம எழுதுனா அது பொய் இல்லையா?" என்பார். இதே கேள்வியால் அவரைப் பின்னால் எத்தனை தடவை மனசுக்குள் குத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் அவர் மனைவியின் தம்பி. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். ஆலயத்தில் அத்தான் முதல் பெஞ்சு, நான் கடைசி பெஞ்சு. பிரசங்கம் நீண்டால் வெளியே கழற்றிப் போட்ட செருப்புகளில் எது புதுசு என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தானுக்கு என்மேல் வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கூடவே கொஞ்சம் கிண்டலும். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அக்கா பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டார். சாயங்காலம் மிச்சத்தை வாயில் வைத்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, சொன்னா என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முடிவானது. டப்பாவைக் கையில் வாங்கும்போது அவள் கேட்பாள், அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"பருப்புல சரி. காய்ல ஒரு சிட்டிகை கூட."

இருபத்தாறு வருடம் இது நடந்தது. மகள் பிறந்து, படித்து, கட்டிக்கொடுத்து, தூரதேசம் போன பிறகும் நடந்தது. குளோரினை அளக்கிற அதே முகத்தோடு அவர் சொல்வார். அவர் சொன்னால் அக்கா அப்படியே நம்புவாள். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு கொஞ்சல் எதையும் நான் பார்த்ததில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

இனி உபவாசத்துக்கு வருகிறேன். ஆண்டவர் நாற்பது நாள் வனாந்தரத்தில் தனியாக, பட்டினியாக இருந்ததை நினைத்து லெந்து நாட்களில் எங்கள் ஆட்கள் ஏதாவது ஒன்றை விடுவார்கள். ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் காப்பியை விடுவார். நான் ஒரு வருடம் சிகரெட்டை விட்டு, ஆறாம் நாள் மறுபடியும் பிடித்துக்கொண்டேன். அத்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாற்பது நாளும் இருந்து முடித்துவிடுவார். நான் சொல்லப்போகிற வருடத்துக்கு முந்திய வருடம் தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பார்ப்பவர்கள் எல்லாம் "ஐயோ, பாதியா ஆயிட்டீங்களே" என்று கேட்கும்படி இருந்தார். கேட்கும்போது கண்ணை லேசாக மூடித் தலையை ஆட்டுவார். போதகர் மேடையிலிருந்தே அவரைக் காட்டிப் பேசினார். அன்றைக்கு அத்தான் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தரையில் கால் படவில்லை.

மறுவருடம் லெந்து தொடங்குகிற புதன்கிழமை அதே போதகர் வேறு மாதிரிப் பேசினார். பட்டினி கிடக்கிறேன் என்று முகத்தைத் தொங்கப்போட்டுத் திரிகிறவனுக்கு ஊரார் பாராட்டோடு கூலி தீர்ந்தது என்றார். முகத்தைக் கழுவுங்கள், தலை சீவுங்கள், உங்கள் பசி உங்களுக்கும் அந்தரங்கத்தில் பார்க்கிறவருக்கும் மட்டும் தெரியட்டும் என்றார். அத்தானுக்கு அது தன்னைப் பார்த்தே சொன்னதாகப் பட்டது. வெட்கப்பட்டார். அந்த வெட்கம் நிஜமானது. மனிதர் கெட்டவர் இல்லை என்பதை நான் எந்தக் கோபத்திலும் மறுக்க மாட்டேன்.

அந்த வருடம் யாருக்கும் தெரியாமல் உபவாசம் இருப்பது என்று தீர்மானித்தார். யாருக்கும் என்றால் அக்காவுக்கும்.

எடுத்த காரியத்தைத் திருத்தமாகச் செய்கிறவர் அவர். தினமும் சவரம் செய்துகொண்டார். காலையில் வழக்கம்போல டீ மட்டும் குடித்துவிட்டு டப்பாவோடு கிளம்பினார். நிலையத்து வாசலில் டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது இவர் மருந்து மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பார். அத்தான் பச்சை மிளகாயைத் தின்ன மாட்டார், டப்பா ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அது அக்காவுக்குத் தெரியும். அதனால் வாட்ச்மேனிடம், "மிளகாய மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சுடுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த மனுஷனுக்கு மிளகாய் என்றால் உயிர். ஆனாலும் ஓசிச் சாப்பாடு ஆயிற்றே, அத்தனை நாளும் கண்ணெதிரே மிளகாயை ஒதுக்கி வைத்தார். அதுவும் ஒரு உபவாசம்தான் என்று பின்னால் ஒரு நாள் நான் சொல்லப் போய், யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டப்பாவை நீட்டுவார்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?"

"மத்தியானம் நிறைய சாப்ட்டேன். ரெண்டு துண்டு ரொட்டியும் பாலும் போதும்."

ஞாயிற்றுக்கிழமை உபவாசம் கிடையாது என்று ஆலயத்திலேயே சொல்லுவார்கள். அத்தான் அதிலும் ஒரு படி மேலே. ஆலயத்திலிருந்து நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களோடு போய்விட்டு, பொழுது சாய்ந்த பிறகு வந்து, "அங்கேயே சாப்ட்டாச்சு" என்பார். ஊர் நோயாளிகளை எல்லாம் பார்த்தார்.

மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய பெயிண்ட் டப்பாக்களை அப்புறப்படுத்தி அதைத் தனி அறையாக்கிக்கொண்டார். ஒரு பாய், ஒரு நாற்காலி, உள்ளே தாழ்ப்பாள். சாயங்காலம் ஆறரைக்கு ஏறினால் ஒன்பதுக்குத்தான் இறங்குவார். அக்கா ரொட்டியையும் பாலையும் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டாமல் இறங்கிவிட வேண்டும். தனியாக ஜெபிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குச் சந்தோஷம்கூட. "உங்க அத்தான் மாடியேறிட்டாரு, ரெண்டு மூணு மணி நேரம் நான் டிவிக்கு ராணி" என்று போனில் சொல்லிச் சிரித்தாள்.

லெந்து தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். தலையின் இடது பக்கம் குழாயில் இடித்துப் புடைத்தது. அத்தான்தான் ஐஸ் வைத்துவிட்டார். "தலையில கோழி முட்டை போட்டிருக்குடா" என்று என்னிடம் சொன்னாள். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்துவிட்டோம். உள்ளே ஒரு மெல்லிய ரத்தக் குழாய் கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் வேலையாகப் போனவன், அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே நாக்கு சுருண்டுகொண்டது.

"என்னக்கா, கடல் தண்ணியிலயா சமைச்ச?"

அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரியாத்தானேடா இருக்கு. உங்க அத்தான் தினமும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அப்ப என் நாக்குதான் அவுட்டு."

"ஆமா, சிகரெட்டக் குடிச்சுக் குடிச்சு."

சிரித்தோம். நான் கிளம்பும்போது வாசல்வரை வரச் செருப்பு மாட்ட வலது காலை இரண்டு தடவை தூக்கினாள், மாட்டவில்லை. "காலு மரத்துப் போச்சு" என்றாள். எனக்கு இன்னொரு வீட்டில் ஃபிரிட்ஜ் காத்துக்கொண்டிருந்தது. கிளம்பிவிட்டேன். அத்தானைத் திட்ட எனக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அதில் பாதியை இந்த இடத்தில் நான் இழந்துவிடுகிறேன்.

மகள் ஒரு தடவை போனில், "அப்பா, அம்மா பேச்சு ஒரு மாதிரி இழுக்குதே" என்று கேட்டாளாம். "தூக்கக் கலக்கமா இருக்கும்" என்று அத்தான் சொன்னாராம். மாடிப்படியில் அக்கா ஏறிவருகிற சத்தம் நாளுக்கு நாள் மெதுவானதும், ஒரு செருப்பு மட்டும் தரையில் இழுபட்டதும் உள்ளே அவருக்குக் கேட்டிருக்கிறது. "எனக்கு எரிச்சலா வந்துச்சு. நல்லா ஒருமனப்பட்டு வர்ற நேரத்துல இந்தச் சத்தம் கெடுக்குதேன்னு நெனச்சேன்" என்று அவரே பின்னால் என்னிடம் சொன்னார். இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் அப்போது அவர் எதையும் மறைக்கிற நிலையைத் தாண்டியிருந்தார்.

முப்பத்தேழாம் நாள் காலை பத்து மணிக்கு அக்கா சமையலறையில் விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் அத்தானும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தலையைப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் ஒரு பெண், மகளைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். ஆபரேஷனுக்குப் போகிற அவசரத்தில் நின்றபடியே கேட்டார்.

"ரத்தம் உள்ள கட்டி மூளைய அழுத்துது. ஒரே நாள்ல வந்தது இல்ல. கொஞ்ச நாளா ஏதாவது மாற்றம் கவனிச்சீங்களா? மறதி, பேச்சு, நடை, வீட்டு வேலைல குளறுபடி?"

அத்தான் சொன்னார்: "இல்ல டாக்டர். சமையல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த உப்பு என் நாக்கில் ஏறிய மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்து, ஒரு நாள் உப்பு அதிகமாக இருந்ததையும், செருப்பு மாட்டாமல் அவள் தடுமாறியதையும் சொன்னேன். டாக்டர் அத்தானைப் பார்த்தார். உபவாசம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. மனைவியின் மண்டையைத் திறக்கப் போகிற டாக்டர் முன்னாலும் மனுஷன் அந்த ரகசியத்தைக் காத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே ஏதாவது செய்திருப்பேன்.

சாயங்காலம் வாட்ச்மேன் வந்தார். கையில் அன்றைய டப்பா. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தானிடம் நீட்டினார்.

"சார், முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லலாமா வேணாமான்னு எனக்குள்ள ஒரே இழுபறி. சும்மா கொடுக்கற சாப்பாட்டக் குறை சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"என்ன சொல்லணும்?"

"மொத வாரம் அம்மா சமையல் அவ்வளவு நல்லா இருந்துச்சு சார். அப்புறம் ஒரு நாள் உப்பு ரெண்டு மடங்கு. ஒரு நாள் உப்பே இல்ல. போன வாரம் ரெண்டு நாள் வேகாத அரிசி, கழுவித் தண்ணியோட அப்படியே இருந்துச்சு. உங்களுக்குள்ள ஏதோ சண்டை, அதான் அம்மா இப்படி அனுப்புறாங்கன்னு நெனச்சேன். நமக்கெதுக்கு வம்புன்னு ஒரு பன்ன வாங்கித் தின்னுட்டு, டப்பாவக் கழுவி, மிளகாய மட்டும் ஓரத்துல வச்சுக் கொடுத்துட்டேன்."

நான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே அடுப்படித் துணி இருந்தது. ஈரமாக, நாலாக மடித்து, டப்பாவுக்குச் சரியாகப் பொருந்தும்படி வைத்திருந்தாள். அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தாள்.

"நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டேன். "ஒரு நாள்கூடவா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். நான் கத்தினேன். அந்த வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"பாக்காம எழுதுனா பொய்யின்னு சொன்ன ஆளு நீங்கதானே அத்தான்! தின்னாமயே எப்படி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க? அவ உங்க வாய்ப் பேச்சத்தானே நம்பிட்டிருந்தா?"

அவர் என் கையிலிருந்து டப்பாவை வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் பின்னால் எடுத்துச் சொன்னார். இரண்டு மூன்று வாரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடித்திருக்கலாம், அநேகமாக ஒரு வாரத்தில் பழையபடி நடந்து போயிருப்பாள். இப்போது உயிர் தப்பியது. வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. மாதக் கணக்கில் பயிற்சி கொடுத்தும் ஒன்றே ஒன்றுதான் அவள் வாயில் திரும்பி வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், மகள் குழந்தையோடு வந்து காலடியில் உட்கார்ந்து அழுதபோதும் அதுதான்.

"நல்லா இருந்துச்சு."

சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், ஏன் அந்தச் சொல் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்களால் சொல்ல முடியும். அவள் நாளெல்லாம் காத்திருந்து சாயங்காலம் கேட்டு வாங்கிய சொல் அது.

போதகர் ஆறுதல் சொல்ல வந்தார். "வருத்தப்படாதீங்க. நீங்க மறைவா இருந்த உபவாசத்த ஆண்டவர் பார்த்திருக்கார்" என்றார்.

"பார்த்தார் இல்ல ஐயா? அதான் பயமா இருக்கு" என்றார் அத்தான்.

போதகர் ஜெபித்துவிட்டுப் போனார்.

அத்தான் வேலையை விட்டு முன்கூட்டியே விலகினார். மாடி அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். பெயிண்ட் டப்பாக்கள் திரும்பவும் அங்கே ஏறின. ஒரு நாள் நான் அவர் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கப் போனபோது, கேட்காமலே அவராகப் பேசினார்.

"நான் எதுவும் வேண்டிக்கிட்டு உபவாசம் இருக்கலடா. ஆண்டவரு சத்தத்தக் கேக்கணும், அவ்வளவுதான். பசி வந்தா மனசு அடங்கும், தனியா இருந்தா காது கூர்மையாகும்னு சொல்லுவாங்க. நெசந்தான். காது அவ்வளவு கூர்மையா இருந்துச்சு. அவ ஏறி வர்ற ஒவ்வொரு படியும் கேட்டுச்சு. தினமும் வாசல்லயே நின்னு கேட்டா, உப்பு சரியா இருந்துச்சான்னு. அதத் தள்ளிவிட்டுட்டு, மேல போய் உக்காந்து வேற ஏதோ சத்தம் வரும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு, "பசிய மறைச்சேன்னு நெனச்சேன். பெருமையத்தான் மறைச்சு வச்சிருந்தேன்" என்றார்.

நான் திட்டுவதை நிறுத்தியது அன்றைக்குத்தான். கோபம் போகவில்லை. அதைக் கொட்ட அவரிடம் இடம் இல்லாமல் போய்விட்டது.

இந்த வருடம் லெந்து நாட்களில் அவர் எதையும் விடவில்லை. மூன்று வேளையும் சமைக்கிறார், மூன்று வேளையும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். முதல் வாய் அவர் போட்டுப் பார்ப்பார், அடுத்த வாய் அவளுக்கு. அடுப்படியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, வேளை, உப்பு கூடவா குறைவா, அவள் எத்தனை வாய் சாப்பிட்டாள், வலது கால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பழைய பதிவேடு மாதிரியே எழுதி, கீழே கையெழுத்து. யாரிடம் காட்டப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மத்தியானம் போயிருந்தேன். ஊரே ஒரு வேளையாவது பட்டினி கிடக்கிற நாள். ஆலயத்தில் எல்லோரும் இருந்தார்கள், இவர் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். பருப்பில் உப்பே இல்லை. அன்றைக்கு ஆலயத்து மணிச் சத்தத்தில் மனசு எங்கே போயிற்றோ, முதல் வாய் தானே போட்டுப் பார்க்கவும் மறந்து நேராக அவளுக்குக் கொடுத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"உப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றாள் அக்கா.

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார். பிறகு விழுங்கினார்.

"இல்லம்மா. உப்பே போடல. நான் மறந்துட்டேன்."

எழுந்து போய் உப்பைக் கொண்டுவந்து, கலந்து, ஒரு வாய் பார்த்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். நான் இருக்கிறேன் என்பதை மறந்திருக்க வேண்டும்.

"என்ன மன்னிச்சிட்டியாம்மா?"

அக்கா இடது கையைத் தூக்கி, அவர் கையில் இருந்த சோற்றைத் தன் வாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஊட்டி முடித்து, கை கழுவிவிட்டு வந்து, நோட்டை எடுத்துத் தேதியை எழுதினார். உப்பு என்ற இடத்தில், முதலில் இல்லை, பிறகு சரி என்று எழுதினார். அதற்குக் கீழே எழுத ஏதோ யோசித்து, வெகு நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். கடைசியில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டார்.